கேட் போட்ட அம்பு

எழுபதுகளின் நடுவில், தி. நகரில் மில்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுத் தரும் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. எந்த புரோகிராம் முடிந்து எது ஓட வேண்டும் என்று படம் வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் மெஷினை ஓட்டுவார். வரைய ஒரு பச்சை பிளாஸ்டிக் ஸ்டென்சில். கட்டம், வட்டம், சாய்சதுரம் என்று அதில் என்ன ஓட்டை இருக்கிறதோ அதைத்தான் வரையலாம்.

எனக்கு அந்த ஸ்டென்சிலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு புரோகிராம் தன் கணக்கைப் பதிந்து தந்த காந்த டேப்பை உடனே அடுத்த புரோகிராமில் மாட்ட வேண்டுமென்றால் ஓர் அம்பு. அதில் பிழை திருத்தி, யாராவது 'சரி' என்று சொல்லும்வரை காத்திருந்து மாட்ட வேண்டுமென்றாலும் அதே அம்பு! அநியாயம் இல்லையா? காத்திருக்க வேண்டிய அம்புக்குக் குறுக்கே, மாம்பலம் ரயில்வே கேட் மாதிரி ஒரு கோடு போட்டு மேனேஜரிடம் காட்டினேன்.

"இது ஸ்டென்சில்ல இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு?" தாளைத் தள்ளிவிட்டார்.

அடுத்த மாதச் சம்பளத்திலேயே வினை வந்தது. ஆபரேட்டர் பட்டினப்பாக்கத்துக்காரர். மீன் விற்கும் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர். வருகைக் கணக்கு டேப் வந்ததும், திருத்துவதற்கு முன்பே, சம்பள புரோகிராமில் மாட்டிவிட்டார். ஒரு மில்லில் பலருக்கு ஓவர்டைம் காணோம். ஒரே ரகளை.

மேனேஜரும் எங்கள் நிலையத்தின் இரண்டு அதிகாரிகளும் விசாரித்தார்கள். "படத்துல அம்பு கீது, போட்டேன். ஒரு வார்த்த கேட்டுக்கினு போட்ருக்கணும் சார், என் தப்புதான்" என்று கைகட்டி நின்றார் அவர். அவரை வெளியே அனுப்பிய பிறகு நான் உள்ளே போய், அதே படத்தை மேஜைமேல் விரித்தேன். "இந்த இடத்துல என்ன செய்யணும், சொல்லுங்க சார்."

"உடனே மாட்டணும்" என்றார் ஓர் அதிகாரி.

"அதெப்படி? திருத்தின பிறகுதானே?" என்றார் மற்றவர்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆபரேட்டரின் வேலை தப்பித்தது என்றே நினைத்தேன். மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பு. "பேஷ்! இனிமே உன் கேட் அம்பையே எல்லாப் படத்துலயும் போடும்மா."

"அப்ப ஆபரேட்டர் சார்?"

"மில்லுக்கு ஒரு பதில் சொல்லணுமே. அம்பு தப்புன்னா சொல்ல முடியும்?"

அன்றே அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கத்தினேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கம் போனேன். வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் அவர் மனைவி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று, அதிகாரிகள் இருவரும் படத்தை ஆளுக்கொரு மாதிரி படித்ததைச் சொன்னேன்.

"அப்ப தப்பு என் மேல இல்லன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேதான் அனுப்சாங்களா?"

அவர் எழுந்து கடல் பக்கமாகப் போய்விட்டார். மனைவி கூடையைக் கீழே வைத்தார்.

"இத்தினி நாளு தன் தப்புன்னு நென்ச்சிக்கினு சும்மா இருந்தாரு. இத இன்னாத்துக்கு மேடம் வந்து சொன்னீங்க?"