முத்திரையிட்ட டேங்க்

உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ, கடையின் மாடிப்படிக்கு அடியிலோ ஒரு சின்ன எஞ்சின் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறதே, அதன் பெட்ரோல் மூடியைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? நினைவில்லையா? வெட்கப்பட வேண்டாம். ஒரு சுகாதார நிலையமே அப்படித்தான் இருந்தது. அதற்கு ஒரு பெண் தன் வேலையையும் நல்ல பெயரையும் பறிகொடுத்தாள். இது அவளுடைய அண்ணனின் கதை.

அந்த அண்ணனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மோப்பக்காரர் என்றால்தான் தெரியும். ஜெனரேட்டர், தண்ணீர் பம்பு, புல் வெட்டும் மெஷின் என்று கயிறு இழுத்துக் கிளப்பும் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் அவர் முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். டேங்க் மூடியைத் திறந்து மூக்கைக் கொண்டுபோவார். புதுப் பெட்ரோல் சுரீரென்று ஏறும். இரண்டு மாதம் போனால் அந்தச் சுரீர் மழுங்கிவிடும். அதற்கும் மேல் போனால் பழைய வார்னிஷ் டப்பாவின் வாடைதான். "இது போன மழைக்கு ஊத்தினதுதானே?" என்பார். வந்தவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்.

அவர் மனைவிக்கு மட்டும் இதில் ஒரு பெருமையும் கிடையாது. "அடுப்புல பால் தீயுறது இந்த மூக்குக்கு எட்டாது. அடுத்த தெருவுல பெட்ரோல் பழசானா மட்டும் எட்டிடும்" என்பாள்.

பட்டறை என்பது ஒரே அறை. தகரக் கதவு, எண்ணெய் குடித்துக் கறுத்த மேசை, அதன்மேல் தேய்ந்துபோன பல் பிரஷ்கள், கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றைக் கம்பி இழைகள். அந்த இழைதான் அவருடைய முக்கியமான ஆயுதம். கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. பெட்ரோல் அதில் வந்து நின்று, ஜெட் என்கிற ஊசித்துளை வழியாக ஏறிக் காற்றோடு கலக்கும். எஞ்சினை ஓட்டாமல் போட்டுவைத்தால் கிண்ணத்துப் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாக இறுகித் துளையை அடைக்கும். ஊரில் பாதிப்பேர் இதற்கு நேரம் சரியில்லை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரம் சரியாகத்தான் ஓடுகிறது. ஓடாதது எஞ்சின்.

"நிறுத்தும்போது சுவிட்சைத் தட்டாதீங்க. பெட்ரோல் குழாயை மூடிட்டு விட்டுடுங்க. கிண்ணத்துல இருக்கிறதைக் குடிச்சிட்டு, இருமி இருமி அதுவா நிக்கட்டும். ரொம்ப நாள் போட்டுவைக்கிறதுன்னா டேங்கையும் காலி பண்ணிடுங்க." வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அட்சரம் பிசகாமல் கேட்டு நடந்தவள் அவருடைய தங்கை ஒருத்திதான்.

தங்கை சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு வருடமாக உதவியாளர். தரையைக் கூட்டித் துடைப்பாள். தடுப்பூசி மருந்து இருக்கும் குளிர்பெட்டியின் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுவாள். கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்புவாள். போகாவிட்டாலும் வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் ஓட்டி, குழாயை மூடி, அது இருமி நிற்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அந்த எஞ்சின் ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை.

பிறகு புது அதிகாரி வந்தார். வந்த வாரமே டேங்கில் பெட்ரோல் குறைவதைக் கண்டுபிடித்தார்.

"உட்கார்ந்த இடத்துல பெட்ரோல் எப்படிம்மா குறையும்?"

"வாரா வாரம் ஓட்டுறேன் சார்."

"கரண்ட் இருக்கும்போது எதுக்கு ஓட்டணும்?"

அவள் சொன்ன விளக்கத்தை அவர் முழுதாகக் கேட்கவில்லை. திருட்டு நடந்ததா என்று யாரும் விசாரிக்கவும் இல்லை. துடைப்பம் பிடிக்கிற கை என்பதே அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. டேங்க்கை விளிம்புவரை நிரப்பச் சொன்னார். மூடியையும் கயிற்றின் பிடியையும் ஒரே கம்பியால் கட்டி, ஈயமுத்திரை வைத்தார். கரண்ட் போனாலொழிய யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரியாது. டேங்க்கை நிரப்பியவன் அதைத் திறந்தே விட்டிருந்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுகாதார இலாகாவின் எஞ்சின்களைப் பார்த்துச் சான்று தருவது மோப்பக்காரரின் வேலை. பட்டறையில் பாதி வேலை அதுதான். முத்திரையைப் பார்த்ததும் அவர் நிலையத்துக் குமாஸ்தாவிடம் போனார்.

"இதை உடைங்க. ஓட்டிப் பார்க்கணும்."

"அண்ணே, உடைச்சா மூணு பேருக்கு விளக்கம் எழுதணும். மிஷின் இருக்கா? இருக்கு. டேங்க் ஃபுல்லா? ஃபுல்லு. அப்புறம் என்ன, கையெழுத்தைப் போடுங்க."

"உள்ள பிசின் பிடிச்சிடும்யா."

"பிடிச்சா சுரண்டத்தான் நீங்க இருக்கீங்களே!"

குமாஸ்தா சிரித்தார். மோப்பக்காரரும் சிரித்தார். பின்னாளில் அவரைத் தின்றது கையெழுத்து மட்டுமல்ல, அந்தச் சிரிப்பும்தான். "நல்ல இயங்கும் நிலையில் உள்ளது" என்று அச்சடித்த வரிக்குக் கீழே, மூக்கைக் கொண்டுபோகாமல் அவர் போட்ட முதல் கையெழுத்து அது.

தங்கை வீட்டுக்கே வந்து கேட்டாள். "ஓட்டிப் பார்க்காமலே போட்டுட்டியாமே அண்ணா?"

"போட்டா என்ன இப்ப? கரண்ட் என்ன நாள் கணக்கிலயா போகுது?"

இரண்டு மாதம் கழித்து நாள் கணக்கில் போனது. புயல். மரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்தன, தொலைபேசி செத்தது. அதிகாரி வெளியூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். விடிந்ததும் தங்கை முழங்கால் தண்ணீரில் நடந்து நிலையத்துக்கு வந்து, முத்திரையை உடைத்து, கயிற்றை இழுத்தாள். எஞ்சின் முனகக்கூட இல்லை. காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டு இழுத்தாள், எடுத்துவிட்டு இழுத்தாள். உள்ளங்கை தோல் உரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். ஐஸ் கேட்டு ஆலைக்கு ஓடினால் அங்கே இடுப்பளவு தண்ணீர். திரும்பி வந்து, மூடியைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று குளிர்பெட்டிமேல் போர்வைகளைப் போட்டு மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் மதியம் வெப்பமானி எல்லையைத் தாண்டியது. அதையும் நேரம் குறித்து நோட்டில் எழுதினாள். மருந்தெல்லாம் கெட்டது; அடுத்த வாரம் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வரவிருந்த குழந்தைகளுக்குப் போட எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பாதை திறந்ததும் முதலில் வந்தவர் அண்ணன். தங்கையைத் தவிர அங்கே யாரும் இல்லை. மூடியைத் திறந்தார். வார்னிஷ் வாடை முகத்தில் அறைந்தது. கிண்ணத்தைக் கழற்றினால் தேன் நிறத்தில் பிசின். ஜெட் துளையைக் காணவே இல்லை.

இங்கேதான் அவர் ஒரு தொழில்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார். அடைத்த ஜெட்டைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. டேங்க்கைக் காலி செய்தார், பிசினைச் சுரண்டிக் கந்தைத்துணியில் துடைத்தார், கம்பி இழையால் துளையைத் திறந்தார், புதுப் பெட்ரோல் ஊற்றினார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது. ஓடுகிற மெஷினைப் பார்த்தால் எந்த வாடிக்கையாளரும் திட்டமாட்டார். பெரியவர்கள் வரும்போது ஓடிக்கொண்டிருந்தால் தங்கைக்கும் திட்டு விழாது என்று அவர் மனதார நம்பினார்.

மதியம், வெளியூரிலிருந்து திரும்பிய நிலைய அதிகாரியோடு விசாரணை அதிகாரி வந்தார். நிலைய அதிகாரி எஞ்சினை நிறுத்திவிட்டுத் தன் கையாலேயே கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு.

"பாருங்க சார், நல்லாத்தான் ஓடுது. இந்தம்மாவுக்கு இழுக்கத் தெரியல."

"தெரியாமலா சார் பன்னிரண்டு வருஷம் இழுத்தேன்?" என்றாள் தங்கை. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

விசாரணை அதிகாரி சான்றைப் புரட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? மிஷின் நல்லா இருந்துச்சா?"

பிசின் ஒட்டிய கந்தைத்துணி மோப்பக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் போட்டிருந்தால் போதும். வாய்கூடத் திறந்திருக்க வேண்டாம். ஆனால் எடுத்தால், ஓட்டிப் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்ற அடுத்த கேள்வி அவரிடம் வரும். இலாகா வேலை கையைவிட்டுப் போகும்.

"நல்லாத்தான் இருந்துச்சு சார்."

தங்கை அதிகாரிகளைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தாள்.

இயக்கத் தெரியாமை, கவனக்குறைவு என்று எழுதி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். தெரு தன் பங்குக்கு, ராசியில்லாத கை என்றது. எஞ்சினைப் பூட்டிவைத்த கைக்கும், பார்க்காமல் கையெழுத்திட்ட கைக்கும் ராசி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோல் உரிந்த கை ஒன்றுதான் அவர்கள் கண்ணில் பட்டது. பெட்ரோலுக்குக் கை தெரியாது ஐயா. நாள்தான் தெரியும்.

தங்கை ஒரு சலவைக்கடையில் துணி தேய்க்கப் போனாள். அண்ணனோடு சண்டை போடவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. ஒரே ஒருமுறை கேட்டாள்: "அண்ணா, எனக்கு இழுக்கத் தெரியலதானா?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. அதற்குள் இலாகா வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எதைக் காப்பாற்ற வாயை மூடினாரோ, அதுவும் மிஞ்சவில்லை.

போன மாதம் இலாகாவுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். முத்திரை, கையெழுத்து, பிசின், கந்தைத்துணி, தன் பொய் எல்லாம் அதில் இருந்தன. எழுதி முடித்ததும் சலவைக்கடைக்குக் கொண்டுபோனார். தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றபடியே படித்தாள்.

"பல முறை இழுத்தாள்னு போட்டிருக்கே."

"ஆமா."

"பேனாவைக் கொடு."

'பல' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'எழுபத்து மூன்று' என்று எழுதினாள். "எண்ணிக்கிட்டேதான் இழுத்தேன். யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன்." பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சட்டையை விரித்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அவள் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

கடிதத்தை வாங்கிப் பார்த்த அதே குமாஸ்தா இந்த முறை சிரிக்கவில்லை. "அண்ணே, அந்த ஃபைலை மூடியாச்சு. மிஷினையே ஏலத்துல தள்ளியாச்சு. இப்ப இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். இருந்தாலும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பதில் இதுவரை வரவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இன்று வெளிச்சம் இருக்கும்போதே அந்தச் சாக்கை விலக்குங்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் பழையதை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழற்றித் துடையுங்கள். இனி நிறுத்தும்போதெல்லாம் பெட்ரோல் குழாயை மூடி, அது தானாக இருமி நிற்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு தாளை நீட்டி, நல்ல நிலையில் உள்ளது என்று எழுதித்தரச் சொன்னால், கயிற்றை இழுத்துப் பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். ஓடாத மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் கூலிக்காரியை நோக்கி யாராவது விரலை நீட்டினால், எத்தனை முறை இழுத்தாய் அம்மா என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.