தூளுக்குத் தூக்கு

இன்று காலை குன்னூர் பஸ் ஸ்டாண்டில், என் டீத்தூள் கடைக்கு எதிரே ஒரு கட்சிக் கூட்டம். பண்பாட்டைக் காப்பாற்றவே பிறந்த கட்சி.

பேச்சாளர் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்தவர். "நாங்க வந்தா, தூள் விக்கிறவனுக்குத் தூக்குத்தானுங்க!" என்று முழங்கினார்.

அவர் சொன்னது போதைத்தூளை. இந்த ஊரில் தூள் என்றால் டீத்தூள்தான்.

பக்கத்துக் கடை பழனியண்ணன் விடவில்லை. "ஏனுங்க, இப்ப விக்கிற விலைக்கு நாங்க ஏற்கனவே தொங்கிட்டுத்தானுங்க இருக்கறோம்!"

கூட்டமே சிரித்தது. "போதைத்தூள் கடத்தறவனைச் சொன்னேனுங்க" என்று பேச்சாளர் திருத்திக்கொண்டார்.

நான் கேட்டேன்: "தூக்கு, பொட்டலத்தோட பஸ்ல மாட்டறவனுக்குங்களா, அதை அனுப்பிவிட்ட முதலாளிக்குங்களா?"

மைக்கை அணைத்துவிட்டு, "ஒரு டீ கிடைக்குங்களா அக்கா?" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள். டீயில் சாயம் நன்றாகவே இறங்கியது. அவரிடமிருந்து பதில்தான் இறங்கவில்லை.