கடைசியாக மாற்றியது

புது சிஸ்டம் ஏற்றியதிலிருந்து என் லேப்டாப் அடிக்கடி நின்றுபோகிறது. இன்று பழனிசெட்டிபட்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரப் பெண் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "கடைசியா என்னத்த மாத்துனீக?" என்றார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரும் இப்படித்தான் நின்றது. மேனேஜர் வேறு கேள்வி கேட்டார். "செருப்போட கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போயி தூசியக் கொண்டாந்தது யாரு?"

"வெளியதான் கழட்டுனேன் சார்" என்று ஆபரேட்டர் ஸ்டெல்லா அக்கா அழுதார். யாரும் நம்பவில்லை. பஞ்சு பறக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

முந்தின நாள் அதில் புது டாஸ் சிஸ்டம் ஏற்றியவன் நான். பழைய டாஸ் பிளாப்பியைப் போட்டதும் சரியானது. நான்தான் காரணம் என்று வாயே திறக்கவில்லை.

அக்கா இப்போது எங்கே என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியதை நான் பார்த்தேன்.