கலையாத கோலம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பூட்டை அறுத்தார்கள். அறுக்கச் சொன்னது நான். தெருப் பாதுகாப்புக் கமிட்டியின் செயலாளரும் நானேதான்!

"மூணு வாரமா பத்தியைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்த வாசகர்களுக்கு... உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத மனசு வரவில்லை.

எங்கள் நகர், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வண்டியில் ஐந்து நிமிடம். பதினெட்டு வீடுகள். பாதிக்கு மேல் ரிட்டயர் ஆனவர்கள். பிள்ளைகள் ஓசூரில், துபாயில், எங்கெங்கோ.

சென்ற வருடம் மூன்றாவது வீட்டு ராமசாமி, ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், சொந்தக்காரர்கள் விடாமல் மூன்று நாள் தங்கிவிட்டார். திரும்பி வந்தால் பின்கதவு பெயர்ந்து கிடக்கிறது. சிலிண்டர், மிக்ஸி, குத்துவிளக்கு எல்லாம் போயே போச்சு. டிவியை மட்டும் தொடவில்லை.

"பழைய மாடல்னு வச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க!" என்றார் ராமசாமி. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவருக்கு வருத்தம்.

வீட்டில் ஆளில்லை என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? யோசித்து யோசித்து நான்தான் கண்டுபிடித்தேன். வாசலில் மூன்று நாளாகக் கோலம் இல்லை!

அவ்வளவுதான், கமிட்டி பிறந்துவிட்டது. செயலாளர் பதவி என் தலையில். இந்த வயசிலும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு உற்சாகம் வந்ததோ... இனி ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினெட்டு வாசலிலும் தினமும் கோலம் இருக்க வேண்டும் என்றேன். நாலு வீட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளையே எல்லா வீட்டுக்கும் பேசினோம். வெளி லைட், இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் தானே அணைகிற மாதிரி. ஜன்னல்களை மூடியே வைக்க வேண்டும். வாசலுக்கு இரும்பு கிரில், அதில் உள்பூட்டு. முக்கியமாக, யார் ஊருக்குப் போனாலும் வாட்ஸ்அப் குரூப்பில் மூச்சு விடக் கூடாது. பக்கத்து வீட்டில்கூட! செய்தி எங்கே போய் யார் காதில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வருடம் ஒரு திருட்டு கிடையாது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பேப்பரும் கையுமாக நின்றவனிடம் பேச்சியம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள்.

"சார், டீச்சர் வீட்டுக் கோலம் கலையவே இல்ல."

ராஜேஸ்வரி டீச்சர் எனக்கு எதிர் வீடு. வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு எடுத்தவர். கணவர் இல்லை, தனியாக இருக்கிறார். ஒரே மகள் ஓசூரில்.

"கலையலைன்னா நல்லதுதானேம்மா?"

"என்ன சார் இப்படிச் சொல்லுதிய? நேத்துப் போட்டது போட்ட மாதிரியே கெடக்கு. கீரை வண்டி வந்தா அவிய வெளிய வந்து மிதிக்காம இருக்க மாட்டாவ. ஒரு கால்தடம்கூட இல்ல."

"ஊருக்குப் போயிருப்பாங்க."

"எங்கிட்டுப் போனாலும் முன்னெல்லாம் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவாவ. இப்ப சொல்லக் கூடாதுன்னு நீங்கதான ரூல் போட்டிய?"

பேப்பரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பெல் அடித்தேன், கிரில்லைத் தட்டினேன், செல்லில் கூப்பிட்டேன். உள்ளே ஹாலில் செல்போன் அடித்து ஓய்ந்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. கிரில்லை ஆட்டிப் பார்த்தேன்... அசையவில்லை. நானே கடைக்குப் போய் நின்று, கனமான கம்பியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்த கிரில் அது. அசையுமா?

வெல்டிங் கடைக்காரர் கட்டிங் மெஷினோடு வந்து பூட்டை அறுத்து, உள்கதவையும் நெம்பித் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. "எவன் சார் இம்புட்டு ஸ்ட்ராங்கா போடச் சொன்னது?" என்று அவர் எரிச்சலில் கேட்டார்.

டீச்சர் பாத்ரூமில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழுக்கி விழுந்தவர். இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல், கைக்கு எட்டிய வாளித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இரண்டு ராத்திரி கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. அதைப் பார்த்ததும் பேச்சியம்மாள் சத்தம் போட்டு அழுதாள். நான் சத்தமில்லாமல் அழுதேன்.

திங்கட்கிழமை பூராவும் நான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். வாசலில் கோலம் இருந்தது. ராத்திரி லைட் எரிந்தது. டீச்சரைக் காணோமே என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஊருக்குப் போயிருப்பார், நம் ரூல்படி சொல்லாமல் போயிருக்கிறார் என்று உள்ளுக்குள் அவரைப் பாராட்டவும் செய்தேன். சொன்னால் நம்புவீர்களா?

ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன்.

"கூப்பிட்டுப் பார்த்தேன் சார்," என்றார். "கீரைக்காரம்மா சத்தம்கூட எனக்கு லேசா கேட்டுச்சு. என் சத்தம்தான் வெளியே கேக்கல போல. ஜன்னல் மூடியிருந்துச்சுல்ல..."

குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் எந்த ஸ்டெப்பில் தப்பு என்று காட்டுகிற டீச்சரின் குரல்தான் அது. அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

திருடன் கண்ணில் மண்ணைத் தூவுவதாக நினைத்து, எங்கள் கண்ணிலேயே தூவிக்கொண்டோம். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பேச்சியம்மாளுக்கு மட்டும் தெரிந்தது. அவளைக் கமிட்டியில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கமிட்டி மறுபடி கூடியது. ஒருவர் ஆளுக்கொரு கேமரா என்றார். இன்னொருவர் ஏதோ வாட்ச் இருக்கிறது, கையில் கட்டிக்கொண்டால் விழுந்ததும் மணி அடிக்கும் என்றார். எனக்கு அலுத்துவிட்டது. செயலாளர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை... என் மேல் உள்ள பிரியத்தால் அல்ல, வேறு ஆள் கிடைக்காததால். சரி, ஊருக்குப் போகிறவர்கள் இனி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டே போங்கள், திருட்டுப் போனால் மிக்ஸிதானே போகும் என்றேன். ராமசாமிகூடத் தலையாட்டினார்.

போன வாரம் டீச்சர் வீடு திரும்பினார். மகள் ஒரு மாதம் லீவு போட்டு வந்திருக்கிறாள். நாலு கால் வாக்கர் பிடித்து மெல்ல நடக்கிறார். கீரை வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து, பேச்சியம்மாள் போட்ட கோலத்தின் நடுவிலேயே வாக்கரை ஊன்றி நிற்கிறார். உள்ளே போன பிறகு பார்த்தால், அழிந்த கோலத்தில் நாலு ரப்பர் அச்சு.

இப்போதெல்லாம் காலையில் பேப்பரைப் பிரிப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது அதைத்தான்.