கண்ணையன் அணைத்த கற்பூரம்

திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருந்த கண்ணையனுக்குக் கற்பூர வாசனை ஆகாது. ஊரே கற்பூரத்தில் மூச்சு விடுகிற இடத்தில், கற்பூரம் விற்றே சாப்பிடுகிறவனுக்கு இப்படி ஒரு வியாதி. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்து உருகிப்போவார்கள். "சாமிக்குப் போற பொருள் மேல மூச்சுக்காத்து படக்கூடாதுன்னு பாக்கறாரு. இன்னா பக்தி, இன்னா பக்தி!"

பக்திக்கு வேறு சாட்சிகளும் இருந்தன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தான். நாக்கில் அலகு குத்திக்கொண்டான். ஒரு வருஷம் ஆணிச் செருப்புப் போட்டுப் படியேறி, அப்புறம் ஐப்பசி வரை நொண்டினான். மொட்டை அடித்து, முடி முளைத்ததும் மறுபடி அடித்தான். நாவிதருக்கே சலித்துவிட்டது. கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து அவனுக்கு மாலை போட்டு, 'காவடி கண்ணையன்' என்று பட்டமும் கட்டினார்கள். மாலை விழுந்த அன்று அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். விரதம் என்று பேசிக்கொண்டார்கள். எதைச் செய்தாலும் புகழாகவே முடிந்தால் ஒரு பாவி என்னதான் செய்வான்?

பாவம் இதுதான்.

யுத்த காலம். கண்ணையன் அப்போது மணவூருக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தான். அவனுடைய ஒரே தங்கை கன்னியம்மாளின் புருஷன் பங்காரு, அதே ஊரில் துளசிங்கத்தின் பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தான். துளசிங்கத்திடம் ஒரு செவலைக் காளை இருந்தது. கழுத்தில் வெண்கல மணி கட்டிய அந்தக் காளையைப் பற்றிப் பேசுகிற மரியாதையில் பாதியைக்கூட அவர் பெண்டாட்டியைப் பற்றிப் பேசும்போது காட்டமாட்டார்.

ஒரு விடியற்காலை கண்ணையன் வேர்க்கடலை மூட்டைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவனுடைய மாடு காலில் அடிபட்டுக் கிடந்தது. கேட்டால் துளசிங்கம் தரமாட்டார். பங்காரு ஏற்றம் இறைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சத்தம் வராமல் மணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காளையை அவிழ்த்துத் தன் வண்டியில் பூட்டி ஓட்டிப் போனான். ஸ்டேஷன் பக்கத்தில் பட்டாள ரயில் ஒன்று ஊதியது. காளை மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேல் ஏறியது. அவ்வளவுதான்.

பங்காரு சரியாகக் கட்டாமல் விட்டான் என்றார் துளசிங்கம். நான் கட்டினேன், யாரோ அவிழ்த்திருக்கிறார்கள் என்றான் பங்காரு. கண்ணையனை அந்தப் பக்கம் பார்த்ததாக ஒருவர் இழுத்தார். அந்த ஊரில் இதற்கெல்லாம் போலீஸ் வேண்டாம். பொன்னியம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி வைப்பார்கள். "நான் செய்யவில்லை" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யனுக்குக் கை வராது என்பது ஊரின் நம்பிக்கை.

கண்ணையனுக்குக் கை வந்தது. ஒரே அடி. கற்பூரம் அணைந்தது, வழக்கும் அணைந்தது. பங்காருவை வேப்பமரத்தில் கட்டிப் புளிய விளாரால் அடித்து ஊரை விட்டு விரட்டினார்கள். கன்னியம்மாள் கைக்குழந்தையோடு புருஷன் பின்னால் நடந்தாள். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. கண்ணையன் உள்ளங்கையைப் பார்த்தான். ஒரு கொப்புளம்கூட இல்லை. அங்கே ஆரம்பித்தது எரிச்சல்.

மறு அறுவடைக்குள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருத்தணிக்கு வந்து கடை போட்டான். மலை நிழலில் கிடந்தால் பாவம் கரைந்துவிடும் என்று கணக்கு. மணியைக் கற்பூர டப்பாவின் அடியில் போட்டு வைத்தான். இத்தனை காவடிக்கும் நெஞ்சு லேசாகவில்லை. இதில் முருகனைக் குறை சொல்ல இடமில்லை. எதற்காக இந்த அலகு, எதற்காக இந்த ஆணி என்று கண்ணையன் அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சந்நிதியில் நின்றால், "உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு, நைசாக இறங்கி வந்துவிடுவான்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போன பிறகு ஒரு நாள் கடைக்கு வந்த ரயில்வே ஆள் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: பங்காரு அரக்கோணத்தில் கரி யார்டில் வேலை பார்க்கிறானாம். குடும்பத்தோடு கிறிஸ்தவ வேதக்காரனாகி, ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போய் வருகிறானாம்.

அடுத்த ரயிலில் கண்ணையன் அரக்கோணம் போனான். ஒரு கையில் நல்ல தேங்காயாகப் பார்த்து எடுத்த பை. இன்னொரு கையில் பச்சைப் புளிய விளார். பெட்டியில் இருந்தவர்கள் இவன் யாரையோ உதைக்கப் போகிறான் என்று தள்ளி உட்கார்ந்தார்கள்.

பங்காரு வேலை முடிந்து வந்து கரி படிந்த முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கன்னியம்மாள் வாசலில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணையன் விளாரை நீட்டினான்.

"இந்தா பாவா. அடி."

"இன்னாத்துக்கு மச்சான்?"

"காளைய அவுத்தது நான்தான்."

"ஆங், தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். செத்த காளை கயுத்துல மணி இல்ல. தானா ஓடற காளை மணியக் கயட்டி வச்சிட்டா ஓடும்? உன்ன அந்தப் பக்கம் பாத்ததா வேற சொன்னாங்க."

"அப்ப ஏன் பாவா சொல்லல?"

"நீதான் கற்பூரத்த அணைச்சிட்டியே. அதுக்கப்புறம் எவன் கேப்பான்?" பங்காரு துண்டால் முகம் துடைத்தான். "உன்ன வெட்டணும்னு கத்தி தீட்டி வச்சிகினு இருந்தேன். நெசமாத்தான்."

"அப்ப வெட்டு!"

"அந்தக் கத்திதான் அது. முருங்கக்கா நறுக்கிகினு இருக்கா பாரு."

பங்காரு சாதாரணமாகச் சொன்னான்: இங்கே வந்த புதிதில் குடித்துவிட்டுக் கன்னியம்மாளை அடித்து, அவள் பல் உடைந்ததாம். அந்த வெட்கத்தில் ரயிலுக்குத் தலை கொடுக்கப் போனவனை ஞானம்மாள் என்கிற அம்மாள் இழுத்துக்கொண்டு வந்து ஜெபவீட்டில் உட்காரவைத்தாளாம். "என்னையே ஏசு சாமி மன்னிச்சி உட்டுட்டாரு மச்சான். நான் உன் மேல வச்சிகினு இன்னா பண்றது? எப்பவோ மன்னிச்சிட்டேன்."

"என்ன ஒரு வார்த்த கேக்காம எப்படி மன்னிப்ப?" கண்ணையனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் அங்க ஆணி மேல நடந்துகினு இருக்கறேன்! நாக்குல அலகு குத்திகினு இருக்கறேன்! அதெல்லாம் எதுல சேத்தி?"

"உன்ன எவன் நடக்கச் சொன்னான்?" என்றாள் கன்னியம்மாள், தலை நிமிராமல். "அவரு மன்னிச்சிட்டாரு. நான் இன்னும் மன்னிச்சிகினுதான் இருக்கேன், முடியல. குந்து. சோறு துன்னு."

அடி கிடைக்கவில்லை, சோறு கிடைத்தது.

மறுநாள் ஞானம்மாளைத் தேடிப் போனான். கையில் வேதப் புத்தகத்தோடு வீடு வீடாய்ப் போய்ப் பேசுகிற விதவை. கறாரான பேச்சு. நடந்ததைத் தன்னால் முடிந்த அளவு சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டுக் கண்ணையன் கேட்டான்: "உங்க சாமிக்கு இன்னா பண்ணணும்ங்க? மொட்டையா, பட்டினியா?"

"ஒண்ணும் வேணாங்க."

"ஒண்ணுமே இல்லாம எப்படிங்க? நான் கடை வச்சிருக்கறவன். சும்மா குடுத்தா அது அழுகல் சரக்குன்னு தெரியாதா எனக்கு?"

"சும்மான்னு யாரு சொன்னா? ஒருத்தர் சிலுவையில உசுரையே குடுத்து வாங்கி வச்சிருக்காரு. அதுக்கு மேல நீங்க இன்னா போடப் போறீங்க? ரெண்டு தேங்காயா?"

கண்ணையன் விடவில்லை. சில ஞாயிறுகள் போனான். மற்றவர்கள் வருமுன் போய் ஜெபவீட்டைப் பெருக்கினான். ஞானம்மாள் துடைப்பத்தைப் பிடுங்கினாள். பட்டினி கிடந்து மயங்கி விழுந்தான். கஞ்சியைக் கொடுத்துத் திட்டினாள். வெயிலில் முழங்கால் போட்டான். "நெழல்ல போடுங்க, சாமி அங்கயும் கேப்பாரு" என்றாள். இப்படி ஒரு சாமியா, ஒரு கஷ்டத்தையும் வாங்கிக்கொள்ளாமல்! திருத்தணியிலாவது மாலை போட்டார்கள்.

அந்தப் புலம்பலைத் தங்கை வீட்டில் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னான். கன்னியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, உனக்கு அடி வேணும். ஆனா எதுக்கு அடின்னு ஊருக்குத் தெரியக் கூடாது. அதான உன் காவடி? எம் புருசன் முதுகுல இன்னும் தழும்பு கீது. ஊருல இன்னிக்கும் அவரு பேரு காளையக் கொன்னவன். உன் பேரு இன்னா? காவடி கண்ணையன்."

கண்ணையன் எழுந்து ஜெபவீட்டுக்குப் போனான். ஆள் இல்லாத நேரம். துடைப்பம் மூலையில் இருந்தது. அதைத் தொடவில்லை. உட்கார்ந்து, இத்தனை வருஷமாக எந்தச் சந்நிதியிலும் சொல்லாததைச் சொன்னான். "காளைய அவுத்தது நான். பொய் சொன்னது நான். எங்கிட்ட குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஏசு சாமி, நீயே பாத்துக்கோ." சொன்னதும் அழுகை வந்தது. ஞானம்மாள் வந்து பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றபோது நெஞ்சில் இருந்த பாரத்தைத் தேடிப் பார்த்தான், காணோம். தான் ஒரு துரும்பும் தூக்காமல் அது இறங்கிவிட்டதில், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"இப்ப ஊருக்குப் போயி சொல்லணும்ங்க," என்றான்.

"அத சொன்னாத்தான் மன்னிப்புன்னு இல்லீங்க."

"தெரியும்ங்க. இத்தினி நாளு பயம் இருந்துது. இப்ப இல்ல. அதான் போறேன்."

போனான். துளசிங்கத்தைப் பொன்னியம்மன் கோயிலண்டை பார்த்து, நாலு பேர் கேட்கச் சொன்னான். உண்மை வந்ததும் ஊர் அதிர்ந்துபோகும் என்றுதானே நினைப்போம்? ஊர் சிரித்தது.

"காவடி கண்ணையனா காளைய அவுத்தான்? அரக்கோணத்துல எதையோ கலக்கிக் குடுத்துட்டாங்கப்பா!"

"தங்கச்சி புருசனுக்காகப் பழிய ஏத்துக்கறான். இன்னா மனசு பாரு!"

இன்னும் ஒரு மாலை வந்துவிடும் போலிருந்தது. துளசிங்கம் கையை உயர்த்தினார். "அன்னிக்குக் கற்பூரம் அணைச்சி சொன்ன. இன்னிக்கு வெறும் வாயால சொல்ற. எத நான் நம்பறது? இதையும் அணைச்சி சொல்லு." யாரோ ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

கற்பூரம் எரிந்தது. கண்ணையன் கையைத் தூக்கவில்லை.

"மாட்டேன் நைனா. இத அணைச்சித்தான் பொய் சொன்னேன். திரும்ப அணைச்சி உங்கள எப்படி நம்ப வைக்கறது? எரியட்டும்."

கற்பூர டப்பாவிலிருந்து கொண்டுவந்திருந்த வெண்கல மணியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். துளசிங்கம் வாங்கி, ஒரு தடவை ஆட்டினார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த கணம் கண்ணையன் கன்னத்தில் பளார் என்று விழுந்தது.

வருஷக்கணக்காய்த் தேடி அலைந்த அறை. கண்ணையன் காத்திருந்தான், ஏதாவது ஆகிறதா என்று. கன்னம் வலித்தது. அவ்வளவுதான்.

"இன்னாடா, அறைஞ்சும் அப்படியே நிக்கற?" துளசிங்கத்துக்கு ஏமாற்றம்.

"வலிக்குது நைனா. ஆனா இதுக்காகத்தான் வந்தேன்னு நெனச்சிக்காதீங்க. பங்காரு பேரச் சரி பண்ணுங்க."

ஊர் கூடிப் பேசி, பங்காருவை வரவழைத்துத் தலைப்பாகை கட்டி மரியாதை செய்வதென்று முடிவானது. செய்தி போனது. கரி யார்டில் லீவு கிடைக்காது, இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று பங்காரு சொல்லியனுப்பினான். ஊருக்குப் பெரிய மனத்தாங்கல்.

திருத்தணியில் மாலைகள் நின்றுபோயின. பட்டம் மாறி 'காளைக்காரன்' ஆனது. கண்ணையன் கடையை ஸ்டேஷன் தெருவுக்கு மாற்றிச் சமையலுக்குத் தேங்காய் விற்றான். வியாபாரம் மந்தம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கடை வழியாகத்தான் போனது. கற்பூரப் புகை உள்ளே வந்து சுழன்றது. கண்ணையன் முகத்தைத் திருப்பவில்லை. வெறும் கற்பூர வாசனை, நன்றாகத்தான் இருந்தது.

அதே வாரம் கன்னியம்மாள் ரயிலில் வந்து இறங்கினாள். வா என்று கூப்பிடுமுன் கடைக்குள் ஏறி உட்கார்ந்து, தேங்காய்களை ஒவ்வொன்றாய்க் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இது அழுகல். இதுவும் அழுகல். இதப் போயி வித்துகினு கீறியே."

"கன்னிம்மா, என்ன மன்னிச்சிட்டியா?"

"வந்து குந்தல அதுக்குள்ள கேக்கறான் பாரு," என்று அழுகல் தேங்காயை அவன் மடியில் உருட்டிவிட்டாள். "சொம்புல தண்ணி குடு மொதல்ல."