மாமாவின் காற்று மிஷினும் அப்பாவின் பீடியும்

என் தாய்மாமா வாலாஜாபேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கம்ப்ரசரை வாங்கி லாரியில் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுவந்தார். உலக யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட வண்டி ஒன்றில் இருந்ததாம். காற்றை அமுக்கி டேங்கில் நிரப்பும் மிஷின். அது ஓடினால் மெட்ராஸ் ரோட்டில் லாரி டயருக்குக் காற்றடிக்கும் கடை வைக்கலாம். கடை வைத்தால் அத்தையைக் கட்டிக்கொள்ளலாம். ஓடாவிட்டால் இரண்டும் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். மாமா வருகிற நாட்களில் மட்டும் அவருக்கு வாசல் பக்கம் வேலை அதிகமாகிவிடும். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. கல்யாணத்துக்கு ஊரில் எல்லோரும் ஜாதகம் பார்த்தார்கள் என்றால் எங்கள் வீட்டில் கம்ப்ரசரைப் பார்த்தார்கள்.

"டேங்கு ரொம்பி மீட்டர் முள்ளு நூறுல நிக்கணும் மச்சான். நான் ஒரு பீடி புடிச்சி முடிக்கிற வரைக்கும் எறங்கக் கூடாது. நின்னா என் தங்கச்சிய குடுக்கறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

மாமா முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். எனக்கு எட்டு வயது. காற்று வரும் துளையை என் கட்டைவிரலால் அடைக்கச் சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினார். நான் எவ்வளவு அமுக்கியும் காற்று விரலைத் தள்ளிவிட்டது. "உசுரு கீதுடி!" என்று மாமா குதித்தார். பிறகு மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரையைத் தடவினார். சிலிண்டர் மூடியைச் சுற்றி மட்டும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. காற்று கசியாமல் மூடிக்கு அடியில் வைத்திருந்த பேக்கிங் போய்விட்டது.

வேறு ஊர்க்காரராக இருந்தால் நல்ல பேக்கிங்குக்கு மெட்ராஸ் போயிருப்பார். எங்கள் ஊரில் கதவுக் கீலிலிருந்து கிணற்று ராட்டினம் வரை எது ஆடினாலும் தோலைத்தான் வெட்டி வைப்பார்கள். மாமாவும் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தடித்த தோலாகப் பார்த்து வாங்கி, வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்தார். "நம்மூர் தோலுக்கு மிஞ்சி இன்னா கீது?" என்று பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஆயில் என்ஜினோடு பெல்ட் மாட்டி ஓட்டினார். முள் எண்பது வரை ஏறியது. அதற்குள் மூடி சூடேறி, புஸ்ஸென்று சத்தம் வந்து, முள் சரசரவென்று இறங்கிவிட்டது. அப்பா பீடியைப் பற்றவைக்கவே இல்லை. திறந்து பார்த்தால் தோல் சுட்ட அப்பளமாகச் சுருண்டு கிடந்தது.

"மிஷின் பேஜார் மச்சான். அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொரு வாட்டி பாக்கலாம். அத்தோட சரி" என்றார் அப்பா.

மாமா பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டினார். அத்தை அன்று சாப்பிடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, ஏனென்றால் காற்றடிக்கிற கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போடுவதாக மாமா சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கொல்லையில் வெந்நீர்ப் பானைக்கு முன்னால் அத்தை குந்தியிருந்தார். எட்டிப் பார்த்தால் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு தோல் துண்டுகள்.

"இன்னா அத்த, தோல் கொழம்பா?"

"வாய மூடுறி."

பழுப்புத் துண்டு சுருண்டு சின்னதாகிவிட்டது. நீலம் பாய்ந்த இன்னொரு துண்டு போட்டபடியே தட்டையாகக் கிடந்தது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் அது. எங்கள் பக்கம் அப்போது அபூர்வம். நன்றாகப் பதமாகியிருக்கிறதா என்று ஷாப்பிலும் இப்படிக் கொதிக்கவைத்துத்தான் பார்ப்பார்களாம். அத்தையின் மடியில் அதே நீலத்தில் இன்னும் ஓர் அகலமான துண்டு இருந்தது. அதை என் பையில் வைத்து, கையில் வெல்லம் கொடுத்து, "மாமாகிட்ட குடு. கொதிச்சாலும் சுருங்காதுன்னு சொல்லு. உங்க நைனாகிட்ட மூச்சு உட்டின்னா பாரு" என்றார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முள் நூறைத் தொட்டது. மாமா என்ஜினை நிறுத்தினார். அப்பா பீடியைப் பற்றவைத்தார். எல்லோரும் முள்ளையே பார்த்தார்கள். உயரம் போதாததால் எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. ஒரு பீடியை மூன்று தரம் அணைத்து அணைத்துக் குடிக்கிற மனிதர், அன்று கன்னம் குழிய இழுத்துக்கொண்டே இருந்தார். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. கோபமாக இருக்கிறார் என்று பயந்துபோனேன். விரல் சுடும்வரை இழுத்துவிட்டு பீடித் துண்டைக் கீழே போட்டு மிதித்தார்.

"எறங்கல" என்றார்.

மாமா கம்ப்ரசரைக் கட்டிக்கொண்டார், கட்டிக்கொள்ள வேண்டியவர் கதவுக்குப் பின்னால் நின்றதால். கடை திறப்பதற்குள் மெட்ராஸிலிருந்து சரியான பேக்கிங் வரவழைத்துப் போட்டுவிட்டார் என்பது வேறு விஷயம்.

வெல்லத்தின் நன்றி எனக்கு அன்று சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது. அப்பா இப்படி ஏமாந்துவிட்டாரே என்று மனசு கேட்கவில்லை. அவர் கால் கழுவும்போது பக்கத்தில் போய், "நைனா, உனக்குத் தெரியாம அத்த நீலத் தோல மாமாவுக்குக் குடுத்துட்டாங்க" என்று காதில் சொன்னேன்.

"அப்படியா?" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். "உங்க அத்த பலே ஆளுதான். யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லிவிட்டு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அரைஞாணில் தொங்கிய சாவியை உள்ளே செருகிக்கொண்டார். ஷாப்பில் குரோம் தோல் பூட்டிவைத்த அறைக்கு அந்த ஒரு சாவிதான். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாவம், அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.