சாமி மேல் ஒரு மஞ்சள் அம்பு

இலங்கை மலையகத்தில் ராகலைக்கும் உடப்புசல்லாவைக்கும் இடையே, தேயிலை மலைகளுக்குள் நடந்து போக ஒரு பாதையை அடையாளப்படுத்தும் வேலை சென்ற ஆண்டு எங்களிடம் வந்தது. போய்த் திரும்ப ஆறு கிலோமீட்டர். நானும் நண்பர் நிரோஷனும் மஞ்சள் பெயிண்டால் அம்பு போட வேண்டும், வரைபடம் தயாரிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஹட்டனில் பிறந்தவள். தேயிலையைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்ற மிதப்பும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

நுவரெலியாவில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் எட்டரைக்குள் ராகலை. பனி இறங்கினால் ஒன்பதும் ஆகும். அங்கிருந்து ஆட்டோ, கட்டணத்தைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

பாதை தொடங்கும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு புஷ்பத்துடையது. கொழுந்து எடுப்பவள், கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்னறையில் ஒரு தேத்தண்ணிக் கடை போட வேண்டும் என்பது அவள் ஆசை. பாதையைத் தார் ரோட்டோரமாகக் கொண்டுபோகத்தான் முதலில் நினைத்திருந்தோம். அவள்தான் லயத்தில் வீடு வீடாகப் பேசி, எல்லாரையும் சம்மதிக்க வைத்து, தன் வாசல் வழியாக இழுத்துக்கொண்டாள்.

மலைக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடுப்பளவு உயரமாக ஒரு பாறை. "இதுல அடிங்க மிஸ், தூரத்துலருந்தே தெரியும்" என்றாள் புஷ்பம். நிரோஷன் கை நீளத்துக்கு ஓர் அம்பை வரைந்தார். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, வேலை பிரித்துக் கொடுத்ததும் புஷ்பமும் மற்றப் பெண்களும் நாங்கள் நின்ற இடத்துக்கு மலை ஏறி வந்தார்கள். முன்னால் வந்த ராஜேஸ்வரி பாறையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் புஷ்பத்தின் நாத்தனார்.

"ஐயோ அண்ணி! இது சாமி!"

அந்த மலையின் காவல் சாமியாம். வருடத்துக்கு ஒரு முறைதான் மஞ்சளும் குங்குமமும் பூசிக் கும்பிடுவார்கள். பிறகு மழை கழுவிவிடும். புஷ்பம் இறம்பொடைப் பக்கத்துப் பெண். அவள் பிறந்த தோட்டத்தில் சாமி என்றால் மரத்தடியில் சூலம் நிற்கும். இங்கே சாமி கும்பிட்டதை அவள் பார்த்ததே இல்லை.

யாரும் கொழுந்தில் கை வைக்கவில்லை. "நேத்து வந்தவ பேச்சக் கேட்டோம் பாருங்க, நம்மளச் சொல்லணும்" என்றது ஒரு குரல். "பாதையே வேணாம்" என்றது இன்னொன்று. புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடை போனதோடு புகுந்த வீட்டில் அவள் மரியாதையும் போய்க்கொண்டிருந்தது.

பெயிண்டை அழிக்க நிரோஷன் அவசரமாகத் தின்னரையும் துணியையும் எடுத்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் ராஜேஸ்வரி. "சாமியப் போய் யாராச்சும் சுரண்டுவாங்களா?"

ஆக, அம்பு இருக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. நிரோஷன் தின்னரை மூடி வைத்தார். பெண்கள் தள்ளிப் போய்ப் பேசினார்கள். கடைசியில் ராஜேஸ்வரியே வந்தாள்.

"அண்ணி தேங்கா உடைச்சி, கற்பூரம் ஏத்தி மன்னிப்புக் கேக்கட்டும். அம்பு இருந்துட்டுப் போகுது. ஆனா இந்த வழியா வர்றவங்க எல்லாரும் இங்க செருப்பக் கழட்டணும். சரிங்களா மிஸ்?"

சரி என்றோம். வேறென்ன சொல்ல?

விசாரிக்காமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது இந்த வேலையில் கற்றது. ஆனால் நாங்கள் விசாரிக்கத்தான் செய்தோம், அதுவும் அந்தத் தோட்டத்து ஆளிடமே. ஹட்டன்காரிக்கும் இறம்பொடைக்காரிக்கும் ஒரே பாடம்: அடுத்த தோட்டம் என்றால் அது அடுத்த ஊர்.

போகிறவர்களுக்கு: மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பாறையருகே ஈரப் புல், வெறுங்கால், ஆகவே அட்டை கடிப்பது நிச்சயம். பிடுங்கி எறிய வேண்டாம், உப்பும் கொண்டுபோக வேண்டாம். திரும்பி இறங்கியதும் புஷ்பம் கடையில் ஒரு கிண்ணம் நிறைய உப்பு வைத்திருக்கிறாள். காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு உட்காருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போவதில்லை.

போன மாதம் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த வருடப் பூசையில் சாமிக்கு முதல் மஞ்சள் பூசியது அவள்தானாம்.

"அம்பு மேலயுமா?" என்று கேட்டேன்.

"பின்ன? அதுவும் இப்ப சாமிதானே மிஸ்."